மாத்தியாச்சு சார்

என் வாயில் ‘நான்’ என்ற சொல் வராது. ஏதோ அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் சண்டை போடும்போது நன்றாகவே வரும். என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆபீஸ் கேட்டைத் தாண்டினால்தான் எங்கே போய்த் தொலைகிறதோ தெரியவில்லை.

தாம்பரம் தாண்டி, வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். பெட்டியை லாரியில் ஏற்றி நேரத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை. போன வருஷம் எங்கள் சூப்பர்வைசர் ரிட்டயர் ஆனார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று இருந்தது. சும்மா இல்லை, மாவு அரைக்கும்போதுகூட அவர் மேசையில் உட்கார்ந்திருக்கிற நினைப்புதான்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வேலையில் முன்னேற என்னென்ன பழக்கம் வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த ஒரு அம்மா பேசினார். அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கொள்ளை சந்தோஷம். நேரத்துக்கு வரணுமாம், நான் பத்து நிமிஷம் முன்னாலேயே வருகிறவள். குறிப்பு எழுதணுமாம்; என் டிராயரைத் திறந்தால் நோட்டாகக் கொட்டும். கேட்காத வேலையையும் எடுத்துச் செய்யணுமாம். என் முதுகு போனதே அதில்தான். கடைசியாக, “செஞ்சதை வாய்விட்டுச் சொல்லுங்க. ‘நான் செஞ்சேன்’னு சொல்லிப் பழகுங்க” என்றார். அங்கே மாட்டிக்கொண்டேன்.

என் பேச்சு முழுக்க ‘ஆச்சு’தான். லோடு ஏத்தியாச்சு சார். பேப்பர் அனுப்பியாச்சு சார். லேபிள் சரி பண்ணியாச்சு சார். யார் ஏற்றியது, யார் அனுப்பியது? இந்த ‘ஆச்சு’வுக்கு ஆளே வேண்டாம். எல்லாம் தானாக நடந்துவிட்டது போலக் கேட்கும். பதினாலு வருஷமாக மேனேஜர் காதில் இதைத்தான் போட்டிருக்கிறேன். அவர் என்ன செய்வார், டிபார்ட்மென்ட் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

பழி போட ஆள் இருக்கிறார். அப்பா மிஷன் ஸ்கூலில் தமிழ் வாத்தியார். என் கட்டுரையில் ‘நான்’ என்று தொடங்குகிற வரி ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடிப்பார். “என்ன பீத்தல் இது, நான் நான்னு!” சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்தாலும் கர்த்தர் செய்தார் என்றுதான் முடிக்கணும். சரி, அங்கே கர்த்தர் செய்தார். டெஸ்பாட்ச்சில் முதுகு ஒடிந்தது எனக்குத்தானே?

என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. நாங்கள் இருப்பது பெருங்களத்தூரை ஒட்டின பீர்க்கன்கரணை. தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் பெருங்களத்தூர் எப்படித் திணறும் என்று தினம் நடந்து போகிறவளுக்குத் தெரியாதா? ஊருக்குப் போகிற சனம் மொத்தமும் ரோட்டில் நிற்கும். எங்கள் லாரிகள் வருஷா வருஷம் சரியாக அதற்குள் போய் மாட்டும். பண்டிகை வாரம் மட்டும் லோடிங்கைக் காலைக்கு மாற்றினேன். அதற்கப்புறம் ரெண்டு தீபாவளி போயிற்று, ஒரு லாரிகூட நிற்கவில்லை.

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் பூரா பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். “நான் மாத்தினேன்.” போலீஸ் ஸ்டேஷனில் திருட்டை ஒத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. வெளியிலிருந்து என் வீட்டுக்காரர், “என்னத்த மாத்தின?” என்றார்.

இன்டர்வியூவில் எங்கள் மேனேஜரும், ஹெட் ஆபீஸிலிருந்து வந்த ஒரு சாரும் இருந்தார்கள். மேனேஜர் பாவம், அவரே எடுத்துக் கொடுத்தார்.

“தீபாவளி லோடிங் பத்திச் சொல்லுங்கம்மா.”

“அதைக் காலைக்கு மாத்தியாச்சு சார்.”

“யார் மாத்தினது?” என்றார் ஹெட் ஆபீஸ் சார்.

நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. “டிபார்ட்மென்ட்லதான் சார், எல்லாருமா பேசி...” என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறது. அடிப்பாவி, நிறுத்துடி என்று உள்ளே கத்துகிறேன். நின்றால்தானே! அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

எனக்கு அடுத்து உள்ளே போனவன் பக்கத்து மேசைக்காரன். ஏழு வருஷம் ஜூனியர், வாய்க்கு வாய் அக்கா என்பான். “அந்த ரெண்டு தீபாவளிக்கும் நான்தான் டிரைவருங்களுக்கு ஒருத்தர் விடாம போன் போட்டு வரவழைச்சேன் சார்” என்றானாம். வெளியே வந்து அவனே சொன்னான். பொய்யில்லை, அவன்தான் போன் போட்டான். வாயாரத் திட்டக்கூட வழியில்லை எனக்கு. வேலை அவனுக்குப் போயிற்று.

இந்தத் தீபாவளிக்கு முன்னால் சூப்பர்வைசர் மேசையிலிருந்து அவன் என்னைக் கூப்பிட்டான். நல்ல யோசனைகளை எழுதி அனுப்பச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. லோடிங் நேரம் மாற்றியதை அழகாக எழுதியிருந்தான். யோசனை சொன்னவர் பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“இது உங்க ஐடியாதானேக்கா? உங்க பேர் போட்டுடவா?”

தலையை ஆட்டினால் போதும். ‘நான்’ என்று சொல்லக்கூட வேண்டாம்.

“ஐய, எதுக்குப்பா அதெல்லாம். டிபார்ட்மென்ட்னு போட்டுடு.”

“நிஜமாவாக்கா?”

சிரித்தேன். வேறு என்ன செய்ய? அவன் குனிந்து எழுதினான்.

“போட்டாச்சுக்கா.”