தலையில் நீத்துப்பெட்டி, பின்னால் ரயில் கடவை

லண்டனில் இருக்கும் என் தங்கை போன வாரம் ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். கப்பலில் வந்த பார்சல். உள்ளே பூப்போட்ட தேநீர்க் கோப்பைகள். மெல்பனுக்கு வந்து சேரும்போது பாதி கோப்பை, பாதி ஓடு.

சேதமில்லாமல் வந்தவை, கோப்பைகளைச் சுற்றியிருந்த லண்டன் பத்திரிகைத் தாள்கள்தான்!

உடைந்ததைக் கூட்டி அள்ள வேண்டிய நான் என்ன செய்தேன்? குசினித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கசங்கிய தாள்களை நீவி நீவி வாசிக்கத் தொடங்கிவிட்டேன். இவர் வேலையால் வந்து பார்க்கும்போது அடுப்பில் சோறு கருகிக்கொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள்... இப்படியெல்லாம் செய்தி போட்டால் யார்தான் எழும்புவார்கள்?

ஒரு பாதிரியார் வளர்க்கும் கிளி, ஞாயிறு பூசைக்கு வந்தவர்களைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதாம். முதல் பக்கத்தில் பெரிய படம் — கிளிக்கு. பாதிரியாருக்கு ஓரத்தில் தபால்தலை அளவில் ஓர் இடம். இன்னோர் ஊரில் ஒருவருடைய தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கு, அச்சு அசலாக அவருடைய மாமியாரைப் போலவே இருக்கிறதாம். கிழங்கைப் பிடித்தபடி மருமகன்; பக்கத்தில் மாமியார். உண்மையைச் சொன்னால் சாயல் இருக்கத்தான் செய்தது. மூன்றாவது தாளில், வேலிக்கு மேலே வளர்ந்த ஒரு செடிக்காக இரண்டு கிழவர்கள் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். தீர்ப்பு எந்தக் கோப்பையைச் சுற்றி வந்ததோ, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மாமியார் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் சிவபாலன் அண்ணையின் படம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள். ஒன்று நாங்கள். மற்றது சிவபாலன் அண்ணையும் ராணி அக்காவும். அவர் ஊரில் நீர்ப்பாசன இலாகாவில் எஞ்சினியராக இருந்தவர். இங்கே வந்ததும், "உங்கள் பட்டம் நல்ல பட்டம்தான், ஆனாலும்..." என்று இழுத்தார்கள். அந்த 'ஆனாலும்' காரணமாக இப்போது ஒரு கம்பனியில் படம் வரைகிறார். மற்றவர்கள் கட்டப்போகும் பாலங்களுக்கு இவர் கோடு போடுகிறார். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் எஞ்சினியரின் கண் மட்டும் அப்படியே இருக்கிறது. எங்காவது ஓர் ஆணி கழன்றிருப்பதைக் கண்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

அவரும் நானும் தினமும் காலையில் ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். ஸ்டேஷனுக்குப் போக நடந்து ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அந்தக் கடவையில் ரயில் வரும்போது மணி அடிக்கும், போனதும் நின்றுவிடும்.

சிக்கலே அதில்தான். ஒரு ரயில் போனதும் மணி நின்றுவிடும் — எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தாலும்! அந்தப் பக்கம் பாதை வளைகிறது. வளைவை மறைத்துக்கொண்டு மரங்கள். மணிதான் நின்றுவிட்டதே என்று நம்பிக் காலை வைத்தால்...

எல்லோரும் தினமும் கடந்தோம். அண்ணையின் கண்ணில்தான் பட்டது.

முதலில் ரயில் கந்தோருக்கு எழுதினார். 'தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது' என்று அழகான பதில் வந்தது. மணி பழையபடிதான் அடித்தது. பிறகு எங்கள் பகுதிப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். வாராவாரம் இலவசமாக வீட்டு வாசல் புல்லில் எறிந்துவிட்டுப் போவார்களே, அந்தப் பத்திரிகைக்கு. எழுதினார், எழுதினார்... ஒரு வரிகூட வரவில்லை.

இடமில்லாமலா? யாரோ ஒரு வீட்டுத் தோட்டத்தில் நின்ற குள்ளப் பொம்மை களவுபோன செய்தி வந்தது. அடுத்த வாரம் பொம்மையைத் தேடும் செய்தி. அதற்கடுத்த வாரம் பொம்மை கிடைத்துவிட்ட செய்தி. வீட்டுக்காரி பொம்மையைக் கட்டிப்பிடித்து அழுத படம் வேறு.

"பொம்மைக்கு மூண்டு கிழமை குடுத்தவங்கள். எனக்கு மூண்டு வரி குடுக்கக் கூடாதோ தங்கச்சி?" என்று அண்ணை கேட்டார்.

இப்படியிருக்கும்போதுதான் போன வருடம் வசந்த காலத்தில் அந்தப் பறவை வந்தது.

இந்த நாட்டில் மேக்பை என்று ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. காக்காய் அளவு இருக்கும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூட்டுக்குக் கிட்டே போகிறவர்களின் தலையில் பாய்ந்து கொத்தும். அதிலும் ஆள் பார்த்துத்தான் கொத்தும். எங்கள் தெருவில் அது தேர்ந்தெடுத்த ஆள் சிவபாலன் அண்ணை. பக்கத்தில் நடக்கும் வெள்ளைக்காரர்களைத் திரும்பியும் பார்க்காது. 'வெள்ளையர் மட்டும்' குடியேறலாம் என்ற பழைய சட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது, அந்தப் பறவைக்கு யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது என்று இவர் பகிடி விட்டார்.

இங்குள்ளவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு கண்ணை வரைந்து தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார்கள். பிளாஸ்டிக் டப்பாவைத் தலையில் கவிழ்க்க அண்ணைக்கு மனம் ஒப்பவில்லை. குடை பிடித்துப் பார்த்தார். பறவை குடைக்குக் கீழால் வந்தது. ஒருநாள் காதில் இரத்தம். மறுநாள் காலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மனிதர் குசினிக்குள் ஓடினார், கையில் அகப்பட்டதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

நீத்துப்பெட்டி! ராணி அக்கா புட்டு அவிக்க ஊரிலிருந்து பனையோலையில் பின்னுவித்துக் கொண்டுவந்த பெட்டி. கூம்பு வடிவம். கவிழ்த்தால் தலைக்குக் கணக்காக இருந்தது.

"ஐயோ, புட்டவிக்கிற பெட்டியப்பா! நாளைக்கு நான் எதில அவிக்கிறது?" என்று ராணி அக்கா படலை வரைக்கும் ஓடிவந்தார்.

"நாளைக்குக் கடைப் பாண் சாப்பிடுவம்" என்றார் அண்ணை.

பறவை மேலே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. திரும்பிப் போய்விட்டது. ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்துப் பழகிய பறவைக்கு இந்தக் கூம்பு புதிராக இருந்திருக்க வேண்டும்.

கடவைக்கு எதிரில் எலேனியின் கடை. பாலும் பாணும் இனிப்பும் விற்கும் சின்ன மூலைக்கடை. எலேனி கிரீஸிலிருந்து வந்த பெண்மணி. வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கடை இந்தப் பக்கம். வாடிக்கையாளர் எல்லோரையும் 'என் கண்ணே' என்றுதான் கூப்பிடுவார் — என்னையும், அண்ணையையும், போஸ்ட்மேனையும். நீத்துப்பெட்டியோடு அண்ணையைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? அந்தப் பகுதிப் பத்திரிகைக்குப் போனும் போட்டுவிட்டார்.

இரண்டாம் நாளே ஆள் வந்துவிட்டான். பெயர் டெரி. லண்டன் பத்திரிகை ஒன்றில் வேலை செய்துவிட்டுப் புதிதாக இங்கே வந்திருந்த பையன். கழுத்தில் கமரா.

அண்ணைக்கு அன்று முகமெல்லாம் வெளிச்சம். எதற்கு? தன் படம் வரும் என்றா? இல்லை. "பெட்டிக்காக வந்தவன், மணியைப் பற்றியும் கேட்டுத்தானே ஆகவேணும்" என்று என் காதில் சொன்னார். பெட்டியோடு படம் எடுக்கச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கடவைக்கு முன்னால் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தான். அண்ணை பெட்டியைத் தலையில் வைத்தபடியே பேசத் தொடங்கினார். மணி எப்போது நிற்கிறது, இரண்டாவது ரயில் எப்படி வருகிறது, வளைவு எங்கே மறைகிறது... கையை நீட்டி நீட்டிக் காட்டினார். ஊரில் குளக்கட்டில் நின்று விளக்கியிருப்பாரே, அந்தத் தோரணை. டெரியும் தலையை ஆட்டி ஆட்டி எழுதினான்.

"அருமை" என்றான் கடைசியில். "ஒரு கேள்வி. உங்கள் நாட்டில் எல்லா ஆண்களும் இந்தத் தொப்பி போடுவார்களா?"

"இது தொப்பியல்ல. சாப்பாடு அவிக்கிற பெட்டி" என்றார் அண்ணை.

"அருமை, அருமை" என்று அதையும் எழுதினான்.

அடுத்த வாரம் முதல் பக்கம் முழுக்க அண்ணை! பறவையை விரட்டும் கீழைநாட்டுத் தொப்பி என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அவருடைய நாட்டில் ஆண்கள் பரம்பரை பரம்பரையாக இதை அணிந்துதான் வீட்டைவிட்டு வெளியே இறங்குவார்களாம். மணியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆனால் படத்தில் அவருக்குப் பின்னால் கடவை தெளிவாகத் தெரிந்தது. மணி தெரிந்தது. வளைவும் மரங்களும் தெரிந்தன. பத்திரிகை போன ஒவ்வொரு வீட்டுக்கும் அது போயிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

நாங்களும் சிரித்தோம். ஏன் பொய் சொல்ல வேண்டும்? அண்ணையின் மேலதிகாரி தனக்கும் ஒரு தொப்பி வேண்டும் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் கையசைத்தார்கள். எலேனி அந்தப் பக்கத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "இவர் என் நண்பர்" என்று காட்டினார். அண்ணை மட்டும் மறுபடி பேனாவை எடுத்தார். மணியைப் பற்றி மீண்டும் எழுதினார். இந்த முறை, 'உங்கள் முதல் பக்கத்தில் வந்தவன்' என்றும் சேர்த்து எழுதினார். அப்படியும் வரவில்லை.

இந்த வருடம் குளிர்காலத்தில் ஒரு மழைக் காலை. நானும் அண்ணையும் போய்ச் சேரும்போது கடவையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கடை திறந்திருக்கவில்லை. முதல் ரயில் போயிருக்கிறது. மணி நின்றிருக்கிறது. குடையோடு எலேனி கால் வைத்திருக்கிறார்.

அந்தக் குடை தண்டவாளத்துக்கு அப்பால் புல்லில் விரிந்தபடி கிடந்தது. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அந்த வாரமும் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில், தனியாக ட்ராமில் ஏறிப் போய்வரும் ஒரு நாய். எலேனி உள்ளே, பழைய கார் விளம்பரங்களுக்குப் பக்கத்தில், நாலைந்து வரியில் இருந்தார். 'கடை நடத்திவந்த பெண் ஒருவர்' என்று தொடங்கியது.

பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. ஆட்கள் வந்தார்கள். மரங்களை வெட்டினார்கள். மணியைத் திருத்தினார்கள். இப்போது இரண்டாவது ரயிலும் போய் முடியும்வரை அடிக்கிறது. மணிச்சத்தத்தால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை என்று ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தைப் போட்டார்கள்!

கிளியைப் பற்றி எழுதட்டும். கிழங்கைப் பற்றியும் எழுதட்டும். வேலைக்குப் போய்க் களைத்து வருகிற மனிதருக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும்தானே? எனக்கும் வேண்டியிருக்கிறதே! ஆனால் சிரிக்கவைத்துப் பழகிய கண்ணுக்கு, சிரிப்புக்குப் பின்னால் நிற்பது தெரியாமல் போகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, அந்த மாமியார்க் கிழங்குத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். கொஞ்சமாவது சிரிப்பார் என்று நினைத்தேன். இப்போது மறுபடி வசந்தம், பறவையும் வந்துவிட்டது. ஆனால் அண்ணை இந்த வருடம் தலையில் எதையும் போடுவதில்லை. பெட்டி குசினிக்குத் திரும்பிவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. மடித்து என்னிடமே தந்தார்.

"பெட்டியைக் கழட்டி வைச்சிட்டுச் சொல்லியிருக்கலாம் தங்கச்சி."

"என்ன அண்ணை?"

"அண்டைக்கு அந்தப் பெடியனிட்ட. பெட்டியைத் தலையில வைச்சுக்கொண்டெல்லோ மணியைப் பற்றிக் கதைச்சனான். கழட்டிப்போட்டுச் சொல்லியிருந்தால், கேட்டிருப்பானோ?"

"கழட்டியிருந்தால் அவன் நிண்டே இருக்கமாட்டானப்பா" என்றார் ராணி அக்கா குசினி வாசலில் நின்று. அவர் சொன்னதுதான் சரி. ஆனால் அண்ணைக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது. டெரி! அவன் உரத்துப் பேசியது கதிரையில் இருந்த எனக்கும் கேட்டது. தொப்பிக்கு ஒரு வயது ஆகிவிட்டதாம், வாசகர்கள் மறக்கவேயில்லையாம், இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம்.

"எலேனி இறந்துவிட்டார், தெரியுமா?" என்றார் அண்ணை. "அதே கடவையில்."

"ஆமாம், கேள்விப்பட்டேன். பெரிய சோகம்" என்றான் அவன். பிறகு கேட்டான்: "அந்தப் பறவை... இந்த வருடமும் வருகிறதா?"

"இல்லை" என்றார் அண்ணை. "வருவதில்லை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அன்று காலை பறவை கொத்திய காதில், ராணி அக்கா ஒட்டிவிட்ட பிளாஸ்டர் இன்னும் அப்படியே இருந்தது.