இடம் பிடித்த பை

ஜெர்மனியில் பயணச் சாமான்களுக்கென்றே தனிக் கடைகள் உண்டு. ஸ்டுட்கார்ட்டில் நான் போன கடையில் கழுத்துக்குத் தலையணை, கண்ணுக்குத் திரை, பெட்டியைத் தூக்கி எடை பார்க்க ஒரு கொக்கி என்று ஒரு சுவர் முழுக்கத் தொங்கின. எங்கள் நன்னிலத்தில் பயணம் என்றால் ஒரு மஞ்சள் பை, மிஞ்சிப்போனால் ஒரு தண்ணீர் பாட்டில். பையில் கட்டும் பெயர் அட்டையும், பை எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் டிராக்கரும், சட்டைக்குள் மாட்டிக்கொள்ளும் பாஸ்போர்ட் உறையும் கேட்டேன். கடைக்காரப் பெண் கனிவாக, "குழந்தைக்கு என்ன வயது?" என்றாள். "எழுபத்திரண்டு," என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது.

அம்மா போன பிறகு, இங்கே வந்து இருக்கச் சொல்லி மூன்று வருடம் கெஞ்சியிருக்கிறேன். குறுவை அறுப்பு, சம்பா நடவு என்று அப்பா தட்டிக்கழித்தே வந்தார். கடைசியில், "இந்த ஒரு தடவைதாம்மா. சரிப்பட்டு வரலன்னா அப்புறம் கூப்பிடக் கூடாது," என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். வாங்கியவற்றை ஊருக்குப் போன தோழியிடம் கொடுத்தனுப்பினேன். உறையை மட்டும் அவர் மாட்டிக்கொள்ளவில்லை. "கழுத்துல தொங்கவிட்டா மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு. பாஸ்போர்ட்டு பைக்குள்ளயே பத்திரமா இருக்கும், விடு." சொன்னால் கேட்கிற மனிதரா?

திருச்சியில் ஏறியவர் வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அங்கே அவர் போன் வேலை செய்யாது. என் போனில் பையின் புள்ளி மட்டும் சரியான கேட்டின் அருகே நின்றது. ஏறுவதற்கு நாற்பது நிமிடம் இருந்தபோது அது நகர்ந்தது, கேட்டை விட்டு விலகி. அடுத்த நிமிடம் பெயர் அட்டையில் இருந்த என் எண்ணுக்கு அழைப்பு வந்தது. பாதுகாப்பு அதிகாரி. இந்தப் பையை ஏன் ஒருவர் நாற்காலியில் விட்டுவிட்டுப் போனார் என்று கேட்டார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் அந்த சீட் நம்முடையது. டீ குடித்துவிட்டு நிதானமாக வரலாம்.

"அவர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில்.

"விமானத்தில் எல்லோருக்கும் இருக்கை எண் உண்டு, மேடம்."

"விமானத்தில் இல்லை, அந்த நாற்காலியில்!" என்று கத்தினேன். "அங்கேயே போய்ப் பாருங்கள். வேட்டி கட்டிய ஒருவர் நிற்பார். அவருடைய பாஸ்போர்ட் அந்தப் பைக்குள் இருக்கிறது."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. இருபது நிமிடம் புள்ளி அசையவில்லை. பிறகு மெல்லக் கேட்டை நோக்கி நகர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஸ்டுட்கார்ட்டில் இறங்கியதும் அப்பாதான் முதலில் பாய்ந்தார். "பைய வெச்சிட்டு பாத்ரூம் போனேன். அதுக்குள்ள தூக்கிட்டானுங்க. நம்ம ஊர்ல எவனாச்சும் தொடுவானா?"

"இங்கல்லாம் யாரும் யாருக்கும் இடம் போட்டு வெக்க மாட்டாங்கப்பா," என்றேன் எரிச்சலோடு.

பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "நான் வெச்சிருக்கேனே. இந்த அறுப்புக்கு மூட்டை அடுக்க எடம் பத்தல, கூடத்துலயெல்லாம் போட்டேன். உன் ரூம்ல ஒரு மூட்டை வெக்கலம்மா. நீ வந்தா எங்க படுப்ப?"

நான் ஊரைவிட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஒரு மாதம். அவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன்.

"பையைக் குடுங்கப்பா," என்று வாங்கிக்கொண்டேன்.