சூடேற்றி இறக்கிய ஆயில்

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு பஜாருக்கும் பல வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். எஞ்சின் ஆயிலை விடிகாலையில், வண்டி ஜில்லென்று இருக்கும்போதுதான் மாற்றுவேன். ராத்திரியெல்லாம் ஆயில் அடியில் இறங்கியிருக்கும், கையும் சுடாது என்பது என் கணக்கு. அதில் யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

என் மனைவி சொன்னாள். அவள் பிறந்த வீட்டில் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினுக்கு ஒரு டீசல் எஞ்சின் உண்டு. கல்யாணம் வரை அதை ஓட்டியதும் கழற்றித் துடைத்ததும் அவள்தான்.

போன தை மாதம், மறுநாள் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் பத்துப் பேரைச் சேலத்தில் இறக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் ஆயிலை மாற்றிவிட ஸ்பானரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். இந்தக் குளிரில் ஆயில் கூழாக உறைந்து கிடக்கும், கசடு இறங்காது, கோயில் வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள் என்றாள். எனக்கே வண்டி சொல்லித் தருகிறாயா என்று கத்தினேன். அவள் அசையவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே சேர்வராயன் கோயில் வரை போய் வந்தேன். வந்ததும் தொட விடவில்லை, டீ குடிக்கிற நேரம் ஆறட்டும் என்றாள்.

நட்டைக் கழற்றியதும் ஆயில் தண்ணீராகக் கொட்டியது. அவள் அதை விரலில் தொட்டு, தேய்த்து, வெயிலில் காட்டினாள். பொடிப்பொடியாக உலோகம் மினுங்கியது.

"ஏனுங்க, பேரிங் தேயுதுங்க. நாளைக்கு அவங்கள இதுல ஏத்தாதீங்க."

அந்த வாடகைச் சவாரியை வேறு ஜீப்புக்கு விட்டுக்கொடுத்தேன். பெண்ணின் அப்பா என்னைக் கன்னாபின்னாவென்று திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

பஜார் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். பேரிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது. மலை இறக்கத்தில் ஏதாவதொரு வளைவில் எஞ்சின் அப்படியே இறுகியிருக்கும் என்றார். பத்துப் பேர்.

"நொம்பக் கெட்டிக்காரருங்க நீங்க. எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பேரை நானே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது.

"நானில்லீங்க. எங்க ஊட்டுக்காரி."

எஞ்சினைத் திரும்பப் பூட்டுகிற அன்று அவளையும் கூட்டி வரச் சொன்னார். பட்டறையில் இருந்தது ஒரே ஸ்டூல். மெக்கானிக் எழுந்து அதை அவளுக்குப் போட்டார். நான் நின்றபடி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.