பார்க்காமலே விற்ற மலை ஹோட்டல்கள்

மலை ஹோட்டல் ரூம் விற்கிறவனுக்கு மலையைத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு ஆல்பமும் கூச்சமில்லாத வாயும் இருந்தால் போதும். தொண்ணூறுகளில் ஒன்பது வருஷம் பெங்களூர் அடுகோடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்து நான் செய்தது அதுதான். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மடிக்கேரி என்று எல்லா மலைக்கும் ஆளை அனுப்பினேன். நான் ஏறிய அதிகபட்ச உயரம் எங்கள் ஆபீஸ் இருந்த இரண்டாவது மாடி. இதைப் படிக்கிறவர்களில் யாராவது என் பேச்சை நம்பிப் போய் ஈரப் போர்வைக்குள் நடுங்கியிருந்தால் மன்னியுங்கள். பின்னால் நானும் உங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

வியூ

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "வியூ இருக்கா?" ஆல்பத்தைத் திறந்து காட்டுவேன். பச்சை மலை, நீல வானம். வருஷத்தில் வானம் வெளுத்த ஒரே நாளில் எடுத்த படம் என்பது எனக்கும் ஹோட்டல்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஹெப்பகோடியில் ஃபாக்டரி வேலையில் இருந்த ஒரு புது மாப்பிள்ளையை ஜூலை மாதம் ஊட்டிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர் சண்டை போடவில்லை. என் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "வியூ இருக்குதுண்ணே. மூணு நாளும் ஜன்னல்ல ஒரே வெள்ளைதான். எதிர்ல யாரோ வேட்டி காயப்போட்டிருக்காங்க, எடுக்கச் சொல்லுங்கன்றா அவ."

பத்துப் படி

ஒரு பெரியவர். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு தலைமுறையாக பெங்களூரிலேயே இருக்கிற குடும்பம். மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் படி எத்தனை என்பது மட்டும்தான் அவருடைய கேள்வி. அவர் எதிரிலேயே ஏற்காட்டு ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்டேன். மேனேஜர் சத்தியம் பண்ணாத குறையாக, ரிசப்ஷனில் இருந்து ரூமுக்குப் பத்தே படி என்றார்.

அடுத்த வாரம் பெரியவர் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன நோட்டு, அதில் பென்சிலால் கணக்கு. "பத்துப் படின்னு நீ சொன்னது ரொம்ப சரிப்பா, கரெக்டா பத்துதான். ரோட்டுலேருந்து அந்த ரிசப்ஷனுக்கு ஏற நூத்தி நாப்பது இருந்தது, அதையும் கேட்டு வச்சிருக்கலாம்."

குக்கர்

நம் ஜனங்கள் மலைக்குப் போகும்போது ஸ்வெட்டரை மறந்தாலும் மறப்பார்கள், கரண்ட் குக்கரை மறக்க மாட்டார்கள். அரிசி, ரசப்பொடி, ஊறுகாய் எல்லாம் சூட்கேஸின் அடியில். ரூமில் சமைக்கக் கூடாது என்று ஹோட்டலில் போர்டு தொங்கும். "பிளக் பாயின்ட் இருக்கா?" என்று கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிடும். "செல்போன் சார்ஜ் பண்ணத்தான்" என்பார்கள், செல்போன் வாங்காதவர்கள்கூட.

ஒரு நாள் மத்தியானம் கொடைக்கானலில் இருந்து மேனேஜர் போனில் கத்தினார். மாடி முழுக்க கரண்ட் போச்சு, உங்க பார்ட்டிதான் காரணம் என்றார். எங்கள் முதலாளி கன்னடக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். போனை வாங்கி, அந்த ரூம் அம்மாவை லைனுக்குக் கூப்பிடச் சொல்லி, "மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சு குக்கர் எடுத்துடுங்க" என்று கெஞ்சினார். அந்த அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க குக்கரால போகலை சார். ஏழாம் நம்பர் ரூம்ல இட்லி வேகுது, எட்டுல பால் காயுது. அவங்களையும் நீங்கதான் அனுப்பினீங்களாமே?"

நாலு நாள் லீவு

என் மனைவி கோமளா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற சட்டையில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கல்யாணமான வாரமே, "சீசன் முடியட்டும், ஊட்டிக்குக் கூட்டிப் போறேன்" என்று சொல்லியிருந்தேன். ஒன்பது சீசன் முடிந்தது. ஊரையெல்லாம் மலைக்கு அனுப்புகிறவன், கட்டியவளை லால்பாக் பூங்காவில் இருக்கிற பாறைமேல்கூட ஏற்றவில்லை.

அவளுக்கு லீவு என்பது குதிரைக் கொம்பு. அந்த ஜூன் மாதம் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, சேர்ந்தாற்போல் நாலு நாள் கொடுத்தார்கள். இனி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பையை முதலில் கட்டி வைத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினாள்: "இந்தத் தடவையும் இல்லேன்னா மலைன்ற பேச்சையே எங்கிட்ட எடுக்காதீங்க. தையல் லைன்ல இருக்கற பொண்ணுங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன், எனக்கு மானம் போயிடும்."

சிவப்பு ஓடு

பெண்ணுக்கு வரன் பார்ப்பது மாதிரி ஆல்பத்தைப் புரட்டினேன். கடைசியில் ஊட்டியில் ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தேன். சிவப்பு ஓடு போட்ட கட்டடம், முன்னால் பூந்தோட்டம். நான் அதிகம் பேரை அனுப்பிய இடமும் அதுதான். போய் வந்த யாரும் என்னிடம் குறை சொன்னதில்லை.

மழையில் போய் இறங்கினோம். ஆட்டோ நின்றது பாசி பிடித்த ஒரு பச்சைக் கட்டடத்தின் முன்னால். இது இல்லை என்று டிரைவரிடம் சண்டை போட்டேன். பையில் இருந்து போட்டோவை எடுத்து ரிசப்ஷன்காரரிடம் காட்டினேன். அவர் ஜன்னல் வழியாக எதிர் மேட்டைக் கைகாட்டினார். அங்கே சிவப்பு ஓடும் பூந்தோட்டமுமாக அந்த ஹோட்டல் நின்றுகொண்டிருந்தது. அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "போட்டோ எங்களுதுதான் சார், எங்க மொட்டை மாடியில நின்னு எடுத்தது. அதுல இருக்கற ஹோட்டல்தான் எங்களுது இல்ல."

நோட்டுப் புத்தகம்

சீசன் இல்லாவிட்டாலும் எதிர் ஹோட்டலில் இடமில்லை. கோமளா சாவியை வாங்கிக்கொண்டாள். ரூமுக்குள் போய்ப் போர்வை, திரை, குழாய் என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்தாள். சட்டையைப் புரட்டுகிற அதே விரல்கள். சுவரில் ஓதம், வெந்நீர்க் குழாயில் சத்தம் மட்டும். ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு நான் கொடுத்தது இது. நிஜமாகவே அவமானமாக இருந்தது.

மழை விடவில்லை. ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தோம். அங்கே தங்கினவர்கள் அபிப்பிராயம் எழுதுகிற தடித்த நோட்டு ஒன்று கிடந்தது. கோமளா அதை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். பக்கத்துக்குப் பக்கம் நான்தான். "எங்களுக்குக் காட்டிய ஹோட்டலை ஜன்னல் வழியாகப் பார்த்து மகிழ்ந்தோம்." "அடுகோடி ஏஜென்ட் வாயைக் கழுவ இங்கே வெந்நீர் இல்லை." "அந்த ஆளை ஒரு ராத்திரி இங்கே படுக்க வைக்க வேண்டும்." யாரும் ஏன் என்னிடம் குறை சொன்னதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. திட்டை எல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ரிசப்ஷன்காரர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மூன்று நாள் மழைக்கும் அந்த நோட்டு போதுமானதாக இருந்தது.

கிளம்புகிற அன்று பேனா கேட்டு வாங்கி அவளும் எழுதினாள்: "ரூம் மோசம். ஆனால் அனுப்பி வைத்த அடுகோடி ஏஜென்ட்டும் மூன்று நாளாக இதே ரூமில்தான் நடுங்கினார், மேலே எழுதியவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருக்கவும். இப்படிக்கு, அவர் மனைவி."

ஆகவே மகாஜனங்களே, மலையில் நல்ல ஹோட்டலாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அனுப்புகிறவனையும் கையோடு இழுத்துக்கொண்டு போவதுதான்.