தீவனக் கடைக்காரனின் தங்கை

ஈப்போவில் எனக்கு மாட்டுத் தீவனக் கடை. என் தங்கை கால்நடை மருத்துவர். சிலிம் ரிவர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் அமைந்த ஓர் ஆய்வுப் பண்ணையில் வேலை. மூட்டைத் தீவனத்தைக் குறைத்து, நல்ல மண்ணையும் புல்லையும் நம்பியே மாடுகளை ஆரோக்கியமாக வளர்க்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "என் பொழப்புலயே கை வைக்கிறியே" என்று வீட்டில் அவளைச் சீண்டுவேன். போன மாதம் மாடு வளர்ப்பவர்களை அழைத்துப் பண்ணையைச் சுற்றிக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன்.

ரப்பர் பால்மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது முழங்காலுக்கு மேல் புல். மின்கம்பி வேலிக்குள் மாடுகள் நெருக்கமாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் அவற்றை அடுத்த பகுதிக்கு மாற்றிவிடுவார்களாம். மேய்ந்த இடத்தில் சாணம் மண்ணோடு சேர்ந்து, புல் மறுபடி தழைக்கும்வரை ஒரு மாட்டையும் விடுவதில்லை. என் தங்கை மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துக் கையாலேயே உடைத்துக் காட்டினாள். உள்ளே மண்புழுக்கள் நெளிந்தன.

ஆயர் தாவார் ஊரில் கறவை மாடு வைத்திருக்கும் ஒருவர் மட்டும் முகம் இளகாமல் நின்றார்.

"எல்லாம் சரி தங்கச்சி, தீவனத்தக் கொறச்சா பால் கொறையும்லா?"

பதிலைச் சுற்றி வளைப்பாள் என்று நினைத்தேன்.

"கொறையும்ணே. எங்களுக்கும் கொறஞ்சிச்சு, இன்னும் பழைய அளவு வரல. ஆனா மடிநோய் முன்ன மாதிரி இல்ல, மருந்துச் செலவும் கொஞ்சம்தான். உங்களுக்கு ஒத்துவருமான்னு இங்க நின்னு சொல்ல மாட்டேன். உங்க நெலத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

இத்தனை வருட வியாபாரத்தில், சரக்கின் குறையை முதலில் சொல்லி ஆளைப் பிடித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆயர் தாவார்க்காரர் ஓரடி முன்னால் வந்தார்.

"அப்ப எப்ப வாரீங்க, டாக்டர்?"

"ஞாயித்துக்கெழம நான் கூட்டிட்டு வாரேண்ணே" என்று முந்திக்கொண்டேன்.

"நீங்க யாரு?"

எங்கே போனாலும் கடைப் பேரைத்தான் சொல்வேன். அன்று, "இவங்க அண்ணன்" என்றேன். தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்வெட்டியைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவாருக்குப் போனோம். அவள் காலணியைக் கழற்றிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் ஈரநிலத்தில் இறங்கி நடந்தாள். அவரோ பக்கத்துக் கொட்டகைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "டாக்டர் வந்திருக்காங்க, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். நான் காரில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் அவள் நிதானமாகச் சொன்ன பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.