ஓடாத டிஸ்க்கும் ஒத்துக்கொள்ளாத ரத்தினவேலுவும்

"ஸ்டுடியோ ரத்தினவேலு போயிட்டாருங்க" என்று திருப்பனந்தாளிலிருந்து ஒரு நண்பர் போனில் சொன்னபோது நான் களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "கடைசியா யாரோட சண்டை?" என்றுதான் என் வாயில் வந்தது. நண்பர் சிரிக்கவில்லை. "டாக்டரோட" என்றார்.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ரத்தினவேலுவுக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை. அவரிடம் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் இதைப் படித்தால் என் பக்கம்தான் நிற்பார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் புரோகிதரைப் பார்த்து, "தலைய எடுங்க, மறைக்குது" என்று அதட்டியவர் அவர். டிஸ்க் நடுவில் நின்றுவிடுகிறது என்று யார் போய்ச் சொன்னாலும் ஒரே பதில்: "டிஸ்க் ஓடும். உங்க வீட்டு பிளேயர்தான் ஓடாது." லென்ஸைத் துடைத்தீர்களா, டிஸ்க்கை என்ன துணியால் துடைத்தீர்கள், வட்டமாகத் துடைத்தீர்களா, நடுவிலிருந்து விளிம்புக்கா என்று திருடனை விசாரிப்பதுபோல் கேட்பார். வந்தவர் தன் மேல்தான் தப்பு என்று நம்பித் திரும்பிப் போவார்.

நான் அப்படித் திரும்பிப் போகாததற்குக் காரணம் தண்ணீர்.

எங்கள் ஊர் வாய்க்காலின் கடைமடை. நான் பள்ளிக்கூட வாத்தியார் என்றாலும் வயிற்றுக்கு வயலையும் நம்பியவன். ஆற்றில் தண்ணீர் குறைந்த ஒரு வருஷம், மேல்மடையில் நிலம் வைத்திருந்த பெரிய மனிதர் வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கிவிட்டார். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பிற்பாடு பேச்சு மாறக்கூடும் என்று ரத்தினவேலுவை அழைத்து வீடியோ எடுக்கவைத்தோம். நெடுநேரம் கத்தி ஓய்ந்த பிறகு, கடைசியில் அந்த மனிதர் எழுந்து, "முறை வச்சு விட்டுடறேன். இது என் வார்த்தை" என்றார். ரத்தினவேலு அதை டிஸ்க்காகக் கொடுத்தார். அதன் மேல் அவரே கேமராவோடு நிற்கும் படம் போட்ட பெரிய ஸ்டிக்கர்.

மூட்டைகள் சில நாளிலேயே திரும்பவும் ஏறின. "நான் எப்ப சொன்னேன்?" என்றார் அவர். மனு கொடுத்தோம். கும்பகோணத்தில் ஓர் அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பிளேயரில் டிஸ்க்கைப் போட்டோம். எல்லோரும் பேசியது நன்றாகவே ஓடியது. அந்த மனிதர் எழுந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் திறந்தபடி அப்படியே நின்றார். சத்தம் "மு... மு..." என்று திக்கியது.

"பாருங்க சார், நான் ஒண்ணுமே சொல்லல" என்று அவர் சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டார். சரியான ஆதாரத்தோடு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ஊரில் தண்ணீரில்லாமல் நாற்று பழுத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுக்கு விலை போனீங்க?" என்றேன்.

கை கழுவிவிட்டு வந்தார். "வாத்தியாரே, பசங்கள அதட்டுற வாய இங்க காட்டாதீங்க." டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். கடைசிவரை ஓடியது. "இப்ப என்ன சொல்றீங்க?"

"உங்க கம்ப்யூட்டர்ல ஓடி என்ன பிரயோஜனம்? இன்னொரு மெஷின்ல போடுங்க."

கடையில் இருந்த பிளேயரில் போட்டார். அதே இடத்தில் நின்றது. அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"இது பழைய மெஷின்" என்றார்.

"வேற டிஸ்க் எழுதிக் குடுங்க."

"ஓடுற டிஸ்க்க எதுக்குத் திரும்ப எழுதணும்? நானே வர்றேன். எப்படி ஓடலன்னு பாக்குறேன்."

அடுத்த விசாரணைக்கு வந்தார். பஸ்ஸில் கண்டக்டரோடு ஒரு சண்டை, என்னோடு வழி முழுக்கச் சண்டை. அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் பிளேயரின் மூடியைக் கழற்றி, பஞ்சால் லென்ஸைத் துடைத்தார். "தூசி தட்டவே மாட்டீங்களா?" என்று அங்கிருந்தவர்களையும் திட்டினார். டிஸ்க் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அதிகாரி கோப்பை மூடி, "போதும். அப்புறம் வாங்க" என்றார். நாங்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டோம்.

"நான் எழுந்திரிக்கல சார்" என்றார் ரத்தினவேலு. "முழுசாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பையிலிருந்து கேமராவை எடுத்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை நேராக டிவியில் சொருகி, கூட்டத்தன்று எடுத்த டேப்பையே ஓடவிட்டார். "முறை வச்சு விட்டுடறேன். இது என் வார்த்தை." அதிகாரி இரண்டாம் தரமும் போடச் சொன்னார். அன்று சாயங்காலமே மூட்டைகளை எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "டிஸ்க் ஓடும்னா கேமராவ எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"தண்ணி வருதுல்ல? அப்புறம் என்ன?"

தண்ணீர் வந்தது. எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் செல்லம்மா அக்காவுடையது. அவருடைய நாற்றங்கால் அதற்குள் கருகியிருந்தது. அந்த வருஷம் அவருக்குச் சம்பா இல்லை. முதல் தடவையே அந்த டிஸ்க் ஓடியிருந்தால் நாற்று பிழைத்திருக்கும். அக்காவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லச் சொல்லி ரத்தினவேலுவிடம் கேட்டேன். "நானா மடைய அடச்சேன்?" என்று கதவைச் சாத்தினார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் என் கோபம் தீரவில்லை.

கொஞ்ச நாளில் யாரிடமோ இன்னொரு டிஸ்க் கொடுத்தனுப்பினார். அதில் ஸ்டிக்கர் இல்லை. பேனாவால் ஊர்ப் பெயர் மட்டும் எழுதியிருந்தது. தெருவில் எந்த வீட்டு பிளேயரில் போட்டாலும் கடைசிவரை ஓடியது. கும்பகோணத்தில் வேறொரு ஸ்டுடியோக்காரர் பிற்பாடு எனக்கு விளக்கினார். இந்த மாதிரி டிஸ்க் எல்லாமே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி எழுதப்படுவது. வேகமாக எழுதினால் விளிம்பில் கெடும். மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது ஆடும். கூட்டத்தின் முடிவு இருந்தது விளிம்பில். தன் முகத்தை ஒட்டித்தான் தன் டிஸ்க்கைக் கெடுத்தார் என்பது ரத்தினவேலுவுக்குத் தெரிந்திருக்கிறது. சாகும்வரை சொல்லவில்லை.

ஸ்டுடியோவை மூடிய பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மெலிந்திருந்தார்.

"அந்த டிஸ்க் ஓடுதா வாத்தியாரே?"

"வீட்டுல இப்ப பிளேயரே இல்ல."

"பாத்தீங்களா? டிஸ்க்ல கோளாறு இல்ல" என்று சொல்லி, திருப்தியோடு பஸ் ஏறினார்.

சாவுக்குப் போனேன். மாலை போடவில்லை. அவரை நான் மன்னிக்கவும் இல்லை. அதை அவர் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார். ஆனால் அன்று அத்தனை பேரும் எழுந்தபோது எழாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் நான் மறைக்க முடியாது. இந்த வருஷமும் வாய்க்கால் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். "ஐயா இப்ப பிஸிங்க. போயிட்டு அப்புறமா வாங்க" என்றார்கள்.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.