கோட்டுப் பையில் மவுத்பீஸ்கள்

“குழிகிட்ட வாசிக்க வேணாம், ஸ்பீக்கர் போதும்” என்று ஸீக்மார் சொன்னதும் ஃப்ரீடருனுக்கு முகம் சிவந்தது.

அப்பாவின் சவப்பெட்டி தேவாலயத்துக்குள் இருந்தது. வெளியே கல்லறைத் தோட்டத்தில் மண் இரும்பாக உறைந்திருந்தது. ஸீக்மார் தேவாலயப் பித்தளை வாத்தியக் குழுவின் தலைவர்.

“இந்தக் குளிர்ல மவுத்பீஸ் உதட்டுல ஒட்டிக்கும் பொண்ணே. சுருதியும் இறங்கிடும். நல்ல ரெக்கார்டிங் ஒண்ணு இருக்கு. உங்கப்பா கோவிச்சுக்க மாட்டார்.”

“மாட்டார்தான். அவர் கோவிச்சுக்காததை வெச்சுத்தானே இத்தனை வருஷம் ஓட்டினீங்க.”

அப்பா கோட்ஹோல்ட் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவர். குழுவில் யார் விலகினாலும் அந்த நாற்காலி அவருக்கு. ட்ரம்பெட்டில் தொடங்கியவர். ஹார்ன்காரன் மேற்கே வேலைக்குப் போனான், ஹார்னைக் கற்றுக்கொண்டார். டிராம்போன்காரருக்கு இதயம் கெட்டது, டிராம்போன். கடைசியில் எல்லாவற்றிலும் பெரிய, கீழ்ச்சுரம் பிடிக்கும் டூபா. ஒவ்வொன்றுக்கும் உதடு வேறு, மூச்சு வேறு. காலையில் விறகுக் கொட்டகையில் வாத்தியத்திலிருந்து கழற்றிய ஊதுவாயான மவுத்பீஸை மட்டும் உதட்டில் வைத்து வண்டுபோல் ரீங்கரிப்பார். பிறகு சத்தம் வராமல் குழாய்க்குள் சூடான மூச்சை விடுவார். அதன் பின்தான் நீண்ட ஒற்றைச் சுரம். ஒன்று முடிந்தால் அடுத்த வாத்தியம், மறுபடி முதலிலிருந்து.

“இன்னிக்கு எந்த மாடு கன்னு போடுது, கோட்ஹோல்ட்?” என்பாள் பக்கத்து வீட்டு லீஸ்பெத், வேலிக்கு மேலாக.

“பெரிய மாடு. உன் அடக்கத்துக்கு வேணுமே, பழகிக்கிறேன்.”

அவள் அடக்கத்துக்கு அவர்தான் டூபா வாசித்தார்.

இவருக்கு ஸ்பீக்கர். சற்று முன் இரங்கல் உரையில் ஸீக்மார், “அவருக்குன்னு ஒரு வாத்தியம் கடைசிவரை அமையல” என்று வேறு சொல்லியிருந்தார்.

ஃப்ரீடருன் அளவுக்கருவித் தொழிற்சாலையில் பொறியாளர். குளிரில் சுருதி இறங்குவது இயற்பியல். இறங்கவிடாமல் பார்ப்பது வேலை. அந்த வேலையைச் செய்தவர் பெட்டிக்குள் கிடந்தார். அவருடைய கோட்டைத்தான் அவள் போட்டிருந்தாள். பையில் கைவிட்டாள். அவருடைய மவுத்பீஸ்கள், சிறிதும் பெரிதுமாக.

குழுவிடம் கையை நீட்டினாள். “எல்லாரும் மவுத்பீஸைக் குடுங்க.”

“எதுக்கு?” என்றாள் டிராம்போன் அன்னலோரே.

“குளிர்காலத்துல அப்பா எதுக்கு வாங்கி வெச்சுக்குவார்?”

“அது அவரோட கிறுக்குன்னு நெனச்சோம்.”

“கிறுக்குத்தான். உங்க உதடு பொழச்சுது.” மவுத்பீஸ்களைப் பைக்குள் போட்டு உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். “வாத்தியத்தைக் கோட்டுக்குள்ள அணைச்சு வெச்சுக்குங்க.”

“டூபாவுக்கு ஆள் இல்லையேம்மா” என்றார் ஸீக்மார்.

“நீங்க எடுங்க.”

“நான் ட்ரம்பெட்காரன்.”

“அவரும்தான்.”

ஸீக்மார் டூபாவைத் தூக்கினார்.

குழியருகில் அவரவர் மவுத்பீஸைக் கொடுத்தாள். ஸீக்மாருக்கு அப்பாவின் பெரியது. சூடாக இருந்தது. அவர் அதை டூபாவில் பொருத்தி, சத்தமில்லாமல் உள்ளே நெடுநேரம் மூச்சு விட்டார். பிறகு வாசித்தார்கள். ஸீக்மாரின் முதல் சுரம் உடைந்து கனைத்தது. அடுத்ததும் கோணியது. பாட்டின் இரண்டாம் சரணத்தில்தான் கீழ்ச்சுரம் நின்றது. மற்றவர்கள் அதன்மேல் ஏறி நின்றார்கள். பெட்டி இறங்கியது.

முடிந்ததும் ஸீக்மார் மவுத்பீஸைத் துடைத்து நீட்டினார். உதடு வீங்கியிருந்தது. “கஷ்டம்மா இது.”

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீங்களே வெச்சுக்குங்க. அடுத்த அடக்கத்துக்குள்ள பழகணும்.”